ஒரே வாசல், பல சர்வர்கள்

உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி அநேகமாக 192.168.1.1 ஆகவோ 192.168.0.1 ஆகவோ இருக்கும். எதிர்வீட்டு ரவுட்டருக்கும் அதுவேதான். ஒசாகாவில் ஒரு வீட்டிலும் ஆஸ்லோவில் ஒரு வீட்டிலும் போய்ப் பார்த்தாலும் இதே எண்கள்தான் தென்படும். கோடிக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியை வைத்துக்கொண்டிருந்தும் ஒருவருக்கு வரவேண்டிய தகவல் இன்னொருவருக்குப் போய்விடுவதில்லை. காரணம் எளிது. இந்த முகவரி வீட்டுச் சுவருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். தொலைக்காட்சி, செல்போன்கள், மடிக்கணினி எல்லாம் சேர்ந்த உங்கள் வீட்டை இணையம் வேறொரு முகவரியால்தான் அறியும். அதுவும் ஒன்றே ஒன்று.

வீடியோ பார்ப்பதற்கும் செய்தி அனுப்புவதற்கும் அந்த ஒன்று போதும். வீட்டில் சர்வர் வைக்க ஆரம்பித்தால்தான் சிக்கல். குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்க ‘இம்மிச்’, சேகரித்து வைத்த படங்களையும் பாட்டுகளையும் பார்க்கவும் கேட்கவும் ‘ஜெல்லிஃபின்’, விளக்கு, மின்விசிறி, கேமரா ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ‘ஹோம் அசிஸ்டென்ட்’ என்று மூன்று இலவச மென்பொருள்களை ஒருவர் வீட்டில் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் தனித்தனி சர்வர்கள். வெளியூரிலிருந்து மகள் செல்போனில் ஒரு படத்தைத் திறக்கிறாள். அவளுடைய கோரிக்கை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அதை இந்த மூன்றில் எதனிடம் ஒப்படைப்பது?

முகவரி, போர்ட் எண், பெயர் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் இணையம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். வீட்டில் பல சர்வர்களை நடத்தும் வித்தை முழுவதும், எந்த வேலைக்கு எதை நம்பலாம் என்று தெரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது.

முகவரிப் பஞ்சம்

இன்றைக்கும் பெரும்பாலோர் சார்ந்திருக்கும் ஐபி நான்காம் பதிப்பின் விதிகள் 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக வெளியாயின. முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள். இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகள் சில நூறுதான். விதிகளை வகுத்தவர்களுக்கு இது வற்றாத கிணறாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் வற்றியது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக முகவரிக் கிடங்கில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து தொகுப்புகள், ஆளுக்கு ஒன்றாக ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒரு தொகுப்பு என்பது சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள்.

பஞ்சம் வரப்போவது முன்பே தெரிந்திருந்தது. 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631, ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்ற முறையை முன்வைத்தது. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918, யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ள மூன்று எண் வரிசைகளை ஒதுக்கியது: 10இல் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை உள்ளன, 192.168இல் தொடங்குவன. முகவரி மாற்றத்தைக் குறுகிய காலத் தீர்வு என்றே அந்த 1994 ஆவணம் சொல்லிக்கொண்டது. முப்பது ஆண்டு தாண்டியும் நம் வீடுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ரவுட்டர் செய்வது கணக்குப்பிள்ளை வேலை. 192.168.1.23 என்ற மடிக்கணினி தன்னுடைய 50112ஆம் போர்ட்டிலிருந்து ஒரு தகவல் பாக்கெட்டை வெளியே அனுப்புகிறது. ரவுட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு, வீட்டின் பொது முகவரியையும் 61007 போன்ற ஒரு போர்ட் எண்ணையும் எழுதுகிறது. ‘61007க்கு வரும் பதில் 192.168.1.23க்கு உரியது’ என்று தன் அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது. கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுகிறது.

உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு மட்டுமே அட்டவணையில் வரி உண்டு. வெளியிலிருந்து முதலில் வரும் பாக்கெட்டுக்கு வரி இல்லை. அது வாசலிலேயே உதிர்ந்துவிடும். சர்வரோ பிறர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கும் பிறவி. எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேராக அழைக்கலாம் என்று வடிவமைக்கப்பட்ட இணையத்தில், முகவரிப் பஞ்சத்தால் வீட்டுக் கணினிகள் அழைக்க மட்டும் முடிந்தவையாகவும் அழைக்கப்பட முடியாதவையாகவும் ஆயின.

போர்ட் எண்: பாதி விடை

முகவரியால் பிரிக்க முடியாததைப் போர்ட் எண்ணால் பிரிக்கலாம். போர்ட் என்பது 16 பிட் எண், எனவே 0 முதல் 65535 வரை. இணையப் பக்கங்களுக்கு 80, குறியாக்கம் செய்யப்பட்ட இணையப் பக்கங்களுக்கு 443, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்எஸ்எச்சுக்கு 22, மின்னஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 25 என்று வழக்கம் இருக்கிறது. ரவுட்டரின் அட்டவணையில் நாமே ஒரு நிரந்தர வரியை எழுதிவிடலாம்: ‘443க்கு வருவதெல்லாம் 192.168.1.20க்கு’. இதைத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்கிறார்கள். அந்தக் கணினியின் உள்முகவரி நாளைக்கு மாறிவிட்டால் வரி பொய்யாகிவிடும் என்பதால், குறிப்பிட்ட கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கும்படி ரவுட்டரில் முன்பதிவும் செய்துவைக்க வேண்டும்.

ஒரு சர்வர் இருக்கும்வரை இது போதும். இரண்டாவது வந்ததும் இடிக்கிறது. 443 ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதற்கு 8443, மூன்றாவதற்கு 9443 என்று கொடுக்கலாம். ஆனால் முகவரியின் வாலில் எண்ணையும் சேர்த்து நினைவில் வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பல அலுவலக, விடுதி வைஃபைகள் 80, 443 தவிர மற்ற போர்ட்களை அடைத்தும் வைத்திருக்கும். அமைத்தவருக்கு இது பெருமையாக இருக்கலாம், வீட்டிலுள்ள மற்றவர்கள் இரண்டே நாளில் கைவிட்டுவிடுவார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

விடையின் மறுபாதி, இணைய வரலாற்றின் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறையான எச்டிடிபியின் தொடக்ககாலத்தில் பிரவுசர் சர்வரிடம் ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று மட்டுமே கேட்டது. எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லவில்லை. தளத்தின் பெயர், ஐபி முகவரியைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டதோடு சரி, அதற்குப் பின் தூக்கி எறியப்பட்டது. அதனால் அன்றைக்கு நூறு தளங்களை நடத்தும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியாக நூறு முகவரிகளைச் செலவழித்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிகள், ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்ற வரி இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கின. நான் தேடி வந்தது இன்ன பெயருடைய தளத்தை என்று பிரவுசர் சொல்லத் தொடங்கியது.

சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் எட்டுக் குடும்பத்துக்கும் கதவிலக்கம் ஒன்றுதான். தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். ஹோஸ்ட் வரி வந்த பிறகு வீட்டுச் சர்வர்களுக்கும் அதே வசதி கிடைத்தது.

பெயரைக் கேட்டு உள்ளே ஆளனுப்பும் மென்பொருளுக்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் இதில் மிகப் பிரபலம். ஹெச்ஏ பிராக்ஸி, டிராஃபிக், கேடி ஆகியவையும் பரவலாகப் பயன்படுகின்றன. ரவுட்டரில் 80, 443 இரண்டையும் பிராக்ஸிக்கு மட்டும் திருப்பிவிட வேண்டும். பிராக்ஸியில் இப்படி ஒரு பட்டியல் இருக்கும்:

படம்.நம்வீடு.இந்தியா என்று கேட்டால் 192.168.1.20இன் 2283ஆம் போர்ட்டில் இருக்கும் இம்மிச்.
திரை.நம்வீடு.இந்தியா என்று கேட்டால் 192.168.1.21இன் 8096ஆம் போர்ட்டில் இருக்கும் ஜெல்லிஃபின்.
வீடு.நம்வீடு.இந்தியா என்று கேட்டால் 192.168.1.22இன் 8123ஆம் போர்ட்டில் இருக்கும் ஹோம் அசிஸ்டென்ட்.

பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் மூன்று பெயர்களும் ஒரே பொது முகவரியையே காட்டும். நான்காவது சர்வர் வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

பிராக்ஸி நடுவில் நிற்பதால் சில பக்கவிளைவுகள் உண்டு. உள்ளிருக்கும் சர்வருக்கு, வருகிற எல்லாரும் பிராக்ஸியின் முகவரியிலிருந்தே வருவதுபோல் தெரியும். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடும் ஓர் ஆளைத் தடுக்க நினைத்தால் குடும்பத்தையே தடுத்துவிட நேரும். அதனால் வந்தவரின் உண்மை முகவரியைப் பிராக்ஸி ஒரு கூடுதல் வரியில் எழுதி அனுப்புகிறது. அந்த வரியைப் பிராக்ஸி எழுதினால் மட்டுமே நம்பும்படி சர்வரை அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் முகவரி எழுதிக்கொண்டு வரலாம். எஞ்சின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட பதிவேற்றத்தை ஏற்காது. இன்றைய செல்போன் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. படச் சர்வர் அமைத்தவர்கள் பலர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உறைக்குள் இருக்கும் பெயர்

குறியாக்கம் வந்ததும் பெயர் வித்தை ஒரு சிக்கலில் மாட்டியது. டிஎல்எஸ் எனப்படும் குறியாக்க இணைப்பில் முதலில் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் இரகசியத் தடம் உருவாகும். அதற்குப் பிறகே ஹோஸ்ட் வரி வரும். மூன்று தளங்களுக்கு மூன்று சான்றிதழ் வைத்திருக்கும் சர்வர், பெயரைக் கேட்பதற்கு முன்பே எந்தச் சான்றிதழைக் காட்டுவது? பெயர் உறைக்குள் இருக்கிறது, உறையைத் திறக்கப் பெயர் தேவை.

2003 ஜூனில் வெளியான டிஎல்எஸ் நீட்டிப்புகளில் ஒன்றான எஸ்என்ஐ இந்த முடிச்சை அவிழ்த்தது. பிரவுசர் தன் முதல் வணக்கத்திலேயே, குறியாக்கம் தொடங்கும் முன்பே, தேடி வந்த பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இது தெரியாது என்பதால், அந்தக் கணினிகள் வழக்கொழியும்வரை பலர் இதை நம்பி இறங்கத் தயங்கினார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. பக்கத்தின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், நீங்கள் போகும் தளத்தின் பெயரை இணைய நிறுவனம் வழியிலேயே படித்துக்கொள்ள முடியும். அதையும் மறைக்கும் முறை இப்போது மெல்ல நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

சான்றிதழ் ஒருகாலத்தில் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கும் பொருள். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அதை இலவசமாக்கியது. பெயர் உங்களுடையதுதான் என்பதை நிரூபித்தால் போதும். 80ஆம் போர்ட்டில் அது கேட்கும் சிறு கோப்பை வைத்துக் காட்டலாம், அல்லது டிஎன்எஸ்ஸில் ஒரு குறிப்பை எழுதிக் காட்டலாம். இரண்டாவது வழிக்கு வெளியுலகுக்கு எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் மட்டும் பயன்படும் சர்வருக்கும் முறையான சான்றிதழ் வாங்கிவிடலாம். 2018 மார்ச் முதல், நம்வீடு.இந்தியாவின் கீழ் வரும் எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான ஒரே சான்றிதழையும் இந்த வழியில் பெற முடிகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் தன் சான்றிதழ்களுக்கு ஆரம்பம் முதல் 90 நாள் ஆயுளே வைத்தது. உலகச் சான்றிதழ்கள் அனைத்துக்குமான உச்ச வரம்பே 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறையப்போகிறது. ஆகவே புதுப்பிக்கும் வேலையைக் கையால் செய்ய நினைப்பது வீண். பிராக்ஸியிடமே விட்டுவிட வேண்டும்.

வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. ‘இந்தப் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைத்துக் கடவுச்சொல் இல்லாமல் ஒரு சர்வரை வைத்தால், சான்றிதழ் வாங்கிய சில நிமிடங்களிலேயே அந்தப் பெயர் உலகறிந்ததாகிவிடும். எல்லாப் பெயருக்கும் பொதுவான சான்றிதழை வாங்கினால் தனித்தனிப் பெயர்கள் பதிவேட்டில் தெரியாது.

பெயர் சொல்லாத சேவைகள்

இணையப் பக்கங்கள் பெயர் சொல்கின்றன. எல்லாச் சேவைகளும் அப்படியில்லை. எஸ்எஸ்எச் இணைப்பில் தேடி வந்த பெயரைச் சொல்லும் வழக்கமே கிடையாது. மூன்று கணினிகளுக்கும் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வேண்டுமென்றால் மூன்று வெவ்வேறு போர்ட்களைத் திறக்க வேண்டும், அல்லது ஒரு கணினியில் நுழைந்து அங்கிருந்து மற்றவற்றுக்குத் தாவ வேண்டும். இரண்டாவதுதான் நல்லது. காவல் காக்க ஒரே வாசல் இருக்கும்.

சில சேவைகள் போர்ட் எண்ணையே டிஎன்எஸ்ஸில் ஒளித்துவைக்கின்றன. பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு 25565ஆம் போர்ட்டை எதிர்பார்க்கும். ஆனால் எஸ்ஆர்வி என்ற வகை டிஎன்எஸ் பதிவில் ‘இந்தப் பெயருக்கு இன்ன போர்ட்டுக்குப் போ’ என்று எழுதிவைத்தால் விளையாட்டு அதைப் படித்து நடக்கும். ஒரே வீட்டில் இரண்டு விளையாட்டுச் சர்வர்கள் வைத்தாலும் பிள்ளைகள் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

மின்னஞ்சல் தனி ரகம். ஒரே மின்னஞ்சல் சர்வர் பல பெயர்களுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளும், அதில் சிக்கலில்லை. சிக்கல் அனுப்புவதில். எரிதம் அனுப்பும் வைரஸ்களைத் தடுக்க, பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட்டை அடைத்துவைத்திருக்கின்றன. அதைத் தாண்டினாலும், வீட்டு முகவரிகளிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய மின்னஞ்சல் சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முகவரியிலிருந்து பெயரைத் தேடினால் சரியான விடை வரவேண்டும் என்பார்கள். அந்தப் பதிவு நம் கையில் இல்லை, இணைய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வீட்டில் எதை வேண்டுமானாலும் நடத்துங்கள், மின்னஞ்சலை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகரும் முகவரியும் இரட்டைச் சுவரும்

வீட்டின் பொது முகவரி நிலையானது அல்ல. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறலாம். இதைச் சமாளிக்க, வீட்டுக்குள் ஒரு சிறு நிரல் அவ்வப்போது பொது முகவரியைச் சோதித்து, மாறியிருந்தால் டிஎன்எஸ் பதிவைத் திருத்திவிடும். பதிவை 300 வினாடிக்கு மேல் யாரும் நினைவில் வைக்கக் கூடாது என்று அதிலேயே குறித்துவிட்டால், மாற்றம் ஐந்தாறு நிமிடத்தில் உலகுக்குத் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தடை, முகவரியே நம்முடையதாக இல்லாமல் போவது. பஞ்சம் முற்றியதால் இணைய நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலும் முகவரி மாற்றத்தை வைத்துவிட்டன. இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசை ஒதுக்கப்பட்டது. ஒரு பொது முகவரியில் 1024க்குக் கீழுள்ள போர்ட்களை விட்டால் 64,512 மிஞ்சும். வீட்டுக்கு 1,000 வீதம் பங்கிட்டால் 64 வீடுகளை ஒரே முகவரிக்குள் அடைக்கலாம். உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி இந்த வரிசையில் இருந்தாலோ, வெளியே ஒரு தளம் காட்டும் உங்கள் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டாலோ, நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ரவுட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் நிறுவனத்தின் சுவரில் கதவு இல்லை.

அப்போது மூன்று வழிகள். முதலாவது, கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது. இரண்டாவது, உள்ளிருந்து வெளியே சுரங்கம் வெட்டுவது. உள்ளிருந்து தொடங்கும் உரையாடலை முகவரி மாற்றம் தடுக்காது என்று பார்த்தோமல்லவா? வீட்டுச் சர்வர் தானே முந்திக்கொண்டு, பொது முகவரி உள்ள வாடகைச் சர்வர் ஒன்றோடு இணைப்பை ஏற்படுத்தி விடாமல் பிடித்துக்கொள்ளும். வெளியார் அந்த வாடகைச் சர்வருக்கு வருவார்கள். அவர்களுடைய கோரிக்கை, ஏற்கெனவே திறந்திருக்கும் சுரங்கம் வழியாக வீட்டுக்கு வந்து சேரும். சுரங்கம் வெட்டப் பலரும் பயன்படுத்துவது ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்ட். 2020 மார்ச்சில் வெளியான 5.6ஆம் பதிப்பு முதல் அது லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றுவிட்டது.

மூன்றாவது வழி ஐபி ஆறாம் பதிப்பு. அதில் முகவரிக்கு 128 பிட். ஒரு வீட்டின் ஒற்றை வலையமைப்புக்கே வழக்கமாக 64 பிட் அளவு இடம் கிடைக்கும். பழைய இணையம் முழுவதிலும் இருந்த முகவரிகளை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை அது. ஒவ்வொரு சர்வருக்கும் தனிப் பொது முகவரி கொடுக்கலாம், மாற்று அட்டவணையே வேண்டாம். ஆறாம் பதிப்பை ஏற்றுக்கொண்டதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று என்பதால் நம் செல்போன்கள் பெரும்பாலும் தயாராகவே இருக்கின்றன. ஆனால் நான்காம் பதிப்பு மட்டுமே உள்ள ஒரு விடுதி வைஃபையிலிருந்து அந்த முகவரியைத் தொட முடியாது. அதனால் இப்போதைக்கு இதைத் துணை வழியாகத்தான் கொள்ள முடியும்.

சுவருக்குள்

வெளியூரிலிருந்து திறக்கும் படம் வீட்டிலேயே திறக்கவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். வீட்டுக்குள் இருக்கும் செல்போன் படம்.நம்வீடு.இந்தியா என்று தேடினால் டிஎன்எஸ் பொது முகவரியைச் சொல்கிறது. பாக்கெட் ரவுட்டர் வரை போய், போன வேகத்தில் உள்ளே திரும்ப வேண்டும். சில ரவுட்டர்களுக்கு இந்தத் திருப்பம் தெரியாது. வீட்டுக்குள் தனியாக ஒரு டிஎன்எஸ் சர்வர் வைத்து, உள்ளே கேட்பவர்களுக்கு மட்டும் நேராக பிராக்ஸியின் உள்முகவரியைச் சொல்லச் செய்தால் தீர்ந்துவிடும். இணையம் அறுந்துபோன நாளிலும் வீட்டுக்குள் எல்லாம் ஓடும்.

பல சர்வர் என்றால் பல கணினி என்று பொருளில்லை. 2013இல் வெளியான டாக்கர், ஒரே கணினிக்குள் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கும் கன்டெய்னர் முறையைப் பரவலாக்கியது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வழக்கமாக 172.17இல் தொடங்கும் தனி உள்முகவரி கிடைக்கும். ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய வரிசைதான். வீட்டின் முகவரி மாற்றத்துக்குள் இன்னொரு முகவரி மாற்றம் நடக்கிறது.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினி இரவும் பகலும் ஓடினால் 60 நாளில் 86.4 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 6 வாட்டில் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிக்கு அதே காலத்தில் 8.64 யூனிட் போதும்.

பதிவேற்ற வேகமும் கணக்கில் வரவேண்டும். வெளியூரில் இருப்பவர் பதிவிறக்குவது உங்கள் வீட்டுக்குப் பதிவேற்றம். இணைப்பின் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், 8 எம்பிபிஎஸ் கேட்கும் ஒரு படத்தை இருவர் பார்க்கலாம். மூன்றாமவர் வந்தால் எல்லாருக்கும் திக்கும்.

கதவைத் தட்டுபவர்கள்

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே கணினியும் ஒரு ஜிகாபிட் இணைப்பும் இருந்தால், நான்காம் பதிப்பின் முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம். ஆகவே நீங்கள் திறக்கும் கதவை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற எண்ணத்துக்கு இடமேயில்லை. அதே வேகத்தில் ஆறாம் பதிப்பின் ஒரே ஒரு வீட்டு வலையமைப்பைத் துழாவ 3 லட்சத்து 67 ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் சான்றிதழ்ப் பதிவேட்டில் பெயர் இருந்தால் துழாவவே வேண்டாம், டிஎன்எஸ்ஸைக் கேட்டால் போதும்.

தட்டிப் பார்ப்பதோடு நிற்காதவர்களும் உண்டு. 2016இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் குறிவைத்தது. அதனிடம் இருந்தது சுமார் 60 பெயர்-கடவுச்சொல் இணைகள் கொண்ட பட்டியல்தான். அதை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியவை யார் யார் வீட்டிலோ சுவரில் மாட்டியிருந்த கேமராக்கள்.

எனவே சர்வர் வைப்பவருக்கு முதல் கேள்வி, இதை வெளியே காட்டத்தான் வேண்டுமா என்பது. குடும்பத்தார் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் வயர்கார்ட் ஒன்றை மட்டும் வெளியே வைத்து, எல்லாச் சர்வர்களையும் அதற்குப் பின்னால் வைப்பதே மேல். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. தட்டுபவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. உறவினர், நண்பர் என்று பலரும் வரவேண்டிய சர்வரை மட்டும் ரிவர்ஸ் பிராக்ஸி வழியாகத் திறக்கலாம். கேமராக்களும் ஸ்மார்ட் விளக்குகளும் சர்வர்களோடு ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டியதில்லை. ரவுட்டரில் உள்ள விருந்தினர் வலையமைப்பில் தள்ளிவைத்தாலே பாதிக் கவலை குறையும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வார்த்தை. மூன்று சர்வரையும் ஒரே வாரத்தில் அமைக்காதீர்கள். ஒன்றை அமைத்து, முதல் மாதம் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். வாரம் ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்கும் பழக்கம் நிலைத்த பிறகு வெளிக்கதவைப் பற்றி யோசியுங்கள். இணைப்பு ஒப்பந்தத்தில் சர்வர் நடத்தத் தடை இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுச் சர்வரில் இருப்பது எதுவும் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது சேமிப்புத் துறையின் பழைய விதி. அந்த மூன்றாம் பிரதியிலிருந்து ஒரு படத்தையாவது மீட்டு எடுத்துப் பார்த்த பிறகே, பழைய மேகச் சேவையின் கணக்கை மூடுங்கள்.